போர்ட்டபிள் என்று போட்டிருந்தால் போதுமா? பென்டிரைவில் மென்பொருள் கொண்டுபோகிறவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டியவை

ரங்கூனில் தமிழ் அச்சு வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே கணினியில் உட்கார்ந்து முடிக்கிற வசதி கிடையாது. கரண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். வீட்டில் கொஞ்சம், கோயில் ஆபீஸில் கொஞ்சம், இன்டர்நெட் கடையில் கொஞ்சம், கடைசியில் பிரஸ்ஸில் உட்கார்ந்து திருத்தம். இதில் சொந்தக் கணினி ஒன்றுதான். மற்ற எதற்கும் அட்மின் பாஸ்வேர்டு நம் கையில் இருக்காது. அதனால் வேண்டிய மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போவதுதான் எல்லாரும் பிடிக்கிற வழி. தமிழிலும் பர்மிய மொழியிலும் சேர்த்து ஒரு திருவிழா மலர் தயார் செய்தபோது நானும் அப்படித்தான் போனேன். தட்டச்சுக் கருவி, எழுத்துரு மாற்றி, எடிட்டர், பி.டி.எஃப். பார்க்கிற கருவி, ஜிப் பிரிக்கிற கருவி என்று எல்லாம் சின்னச் சின்ன மென்பொருள்கள். எல்லாவற்றிலும் போர்ட்டபிள் என்று எழுதியிருந்தது. பாதிக்கு மேல் நடுவழியில் கைவிட்டன. உபயக்காரர்களின் பெயர்களை இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி எழுதுவதற்காகச் சேர்த்து வைத்த மாற்றுப் பட்டியல் போனது. ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகிற பக்கங்கள்) முழுக்க மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது, அந்தக் காகிதக் காசும் போனது. காசைவிடப் பெரிதாக உறுத்தியது வேறு. உபயம் கொடுத்தவர்களின் பெயர் இரண்டு விதமாக அச்சாகியிருந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இதையெல்லாம் முன்னால் ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இன்ஸ்டால் செய்யாமல் ஓடுகிறது என்பதும் போர்ட்டபிள் என்பதும் ஒன்றாகாது. ஒரு மென்பொருள் தன் ஃபோல்டரை விட்டு வெளியே எதையும் நம்பாமலும், வெளியே எதையும் வைத்துவிட்டு வராமலும் இருந்தால்தான் அது முழுசாக நம்மோடு வரும். வேறு கணினியோடு இணைய உதவுகிற புட்டி என்ற மென்பொருள் ஒரே ஒரு ஃபைல்தான், தட்டினால் ஓடும். ஆனால் நாம் சேமிக்கிற இணைப்பு விவரங்களையெல்லாம் அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் செட்டிங்ஸைக் குறித்து வைக்கிற பதிவேட்டில், எழுதி வைக்கும். 7-ஜிப்பின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தாலும் ஓடும், ஆனால் அதன் செட்டிங்ஸும் ரெஜிஸ்ட்ரிக்குத்தான் போகும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளும் உரிம ஒப்புதலை நாம் கொடுத்தோம் என்பதை ரெஜிஸ்ட்ரியில்தான் குறித்துக்கொள்கின்றன. இவை மூன்றும் நல்ல மென்பொருள்கள்தான். நம் விவரம் எங்கே தங்குகிறது என்று தெரிந்து பயன்படுத்தினால் ஒரு தொல்லையும் இல்லை. மறுபக்கம் சுமத்ரா பி.டி.எஃப்.பின் போர்ட்டபிள் பதிப்பு, செட்டிங்ஸ் ஃபைலைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். நிர்சாஃப்ட் கருவிகளும் அப்படித்தான், பக்கத்திலேயே ஒரு சி.எஃப்.ஜி. ஃபைல் முளைக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் டூ லோக்கல் கான்ஃப் என்ற பெயரில் ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல் இருந்தால் செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கும். அந்தக் குட்டி ஃபைல் இல்லாவிட்டால் ஆப்டேட்டாவுக்கு, அதாவது அந்தக் கணினியில் ஒவ்வொரு யூசருக்கும் விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கிற ஃபோல்டருக்கு, போய்விடும். வி.எஸ். கோடின் ஜிப் பதிப்பில் டேட்டா என்று ஒரு காலி ஃபோல்டரை நாமே உண்டாக்கினால்தான் அது போர்ட்டபிள் முறைக்கு மாறும். ஒரே மென்பொருள், ஒரே ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இருப்பதையும் இல்லாததையும் வைத்து, நம்மோடு வருவதாகவும் வராததாகவும் ஆகிவிடுகிறது. ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று தெரியாத ஃபைல்களை அழிக்காதீர்கள்.

என் மாற்றுப் பட்டியல் போனது இந்த இடத்தில்தான். நான் வைத்திருந்த எடிட்டர் பட்டியலை ஆப்டேட்டாவில் எழுதுகிற ரகம். வீட்டிலும் கோயில் ஆபீஸிலும் தட்டியவை அந்தந்தக் கணினியிலேயே தங்கிவிட்டன, ஒன்றுக்கொன்று சேரவில்லை. இன்டர்நெட் கடையில் தட்டியதோ மீட்க வழியில்லாமல் போனது. அங்கெல்லாம் டீப் ஃப்ரீஸ் மாதிரி ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள். ரீஸ்டார்ட் ஆனதும் கணினி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கரண்ட் போய் வந்தாலே ரீஸ்டார்ட்தான். பென்டிரைவில் மென்பொருள் பத்திரமாக இருந்தது, உழைப்புதான் அதில் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க வீட்டுக் கணினியிலேயே ஒரு எளிய சோதனை செய்யலாம். விண்டோஸில் அட்மின் உரிமை இல்லாத புது யூசர் கணக்கு ஒன்று உண்டாக்குங்கள். உங்கள் கணக்கில் மென்பொருளைத் திறந்து, கண்ணுக்குத் தெரிகிற ஒரு செட்டிங்கை மாற்றுங்கள். எழுத்தளவோ பின்னணி நிறமோ எதுவானாலும் சரி. பட்டியல், அகராதி மாதிரி ஏதாவது இருந்தால் அதிலும் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு மூடுங்கள். அந்த ஃபோல்டரைப் பென்டிரைவுக்கு நகலெடுத்து, புதுக் கணக்கில் நுழைந்து, பென்டிரைவிலிருந்து திறந்து பாருங்கள். மாற்றியது அப்படியே இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இல்லையென்றால் அது உங்கள் கணக்கின் ஆப்டேட்டாவிலோ ரெஜிஸ்ட்ரியிலோ தங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. சில மென்பொருள்கள் புரோகிராம் டேட்டா என்ற ஃபோல்டரில் எழுதும். அது எல்லா யூசருக்கும் பொது என்பதால் புதுக் கணக்கிலும் மாற்றம் தெரியும், நாம் தேறிவிட்டது என்று நினைத்துவிடுவோம். அதனால் சி டிரைவில் மறைத்து வைத்திருக்கிற அந்த ஃபோல்டரைத் திறந்து, அந்த மென்பொருள் பெயரிலோ அதைச் செய்தவர்கள் பெயரிலோ புது ஃபோல்டர் வந்திருக்கிறதா என்று தேதிவாரியாக அடுக்கிப் பார்த்துவிடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே பாருங்கள்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் சிஸ்இன்டர்னல்ஸின் புராசஸ் மானிட்டர் இருக்கிறது. அது அட்மின் உரிமை கேட்கும், ஒரு டிரைவரையும் ஏற்றும், ஆகவே சொந்தக் கணினியில் மட்டும்தான் முடியும். ஃபில்டரில் புராசஸ் பெயராக நம் மென்பொருளைக் கொடுத்து, ரைட் ஃபைல், ரெக் செட் வேல்யூ என்ற இரண்டு செயல்களை மட்டும் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு மென்பொருளைத் திறந்து, ஒரு ஃபைலைச் சேமித்து, செட்டிங் மாற்றி, மூடுகிற வரை விடுங்கள். மூடுகிற நேரத்தில்தான் பல மென்பொருள்கள் எழுதும். பாதை என்ற பத்தியில் நம் ஃபோல்டருக்கு வெளியே இருக்கிற வரிகளைப் பாருங்கள். பார்த்ததும் பதறிவிட வேண்டாம், அதில் கணிசமானவை விண்டோஸின் வேலை. ஃபைல் திறக்கிற ஜன்னலைத் திறந்தாலே கடைசியாகப் பார்த்த இடத்தை விண்டோஸ் குறித்துக்கொள்ளும். யூசர் அசிஸ்ட், மூயி கேஷ், பிரீஃபெட்ச் எல்லாம் எந்த மென்பொருளை ஓட்டினாலும் வருகிற தடங்கள். மென்பொருளின் சொந்தப் பெயரில், ரெஜிஸ்ட்ரியின் கரன்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேருக்குக் கீழே வருகிற பதிவுகள்தான் கவனிக்க வேண்டியவை.

ஃபோல்டரை எங்கே பிரித்து வைக்கிறோம் என்பதும் முக்கியம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. விஸ்டா காலத்திலிருந்து, பழைய பாணி 32-பிட் மென்பொருள் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் அதைத் தடுக்காமல் யூசரின் ஆப்டேட்டாவுக்குள் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். மென்பொருளோ தன் பக்கத்தில்தான் எழுதினோம் என்று நினைத்துக்கொள்ளும். நாம் ஃபோல்டரை நகலெடுக்கும்போது அதில் பழைய செட்டிங்ஸ்தான் இருக்கும். டெஸ்க்டாப்பிலோ தனி ஃபோல்டரிலோ வைத்துச் சோதித்தால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது டிரைவ் எழுத்து. வீட்டில் பென்டிரைவ் இ என்று வரும், பிரஸ்ஸில் கார்டு ரீடர் எல்லாம் மாட்டியிருப்பார்கள், அங்கே ஹெச் என்று வரும். நல்ல மென்பொருள் தன் ஃபோல்டரிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கில் பாதையைக் குறிக்கும். மற்றவை முழுப் பாதையையும் எழுதி வைத்துவிட்டு, இ டிரைவைக் காணோம் என்று நிற்கும். எழுத்துரு மாற்றியில் நான் இணைத்திருந்த விதி ஃபைல் அப்படித்தான் காணாமல் போனது. பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தன்னோடு வந்த பொது விதியை எடுத்துக்கொண்டு மாற்றித் தள்ளிவிட்டது. இப்படிச் சத்தமில்லாமல் தவறுவதுதான் ஆபத்து, அச்சான பிறகுதான் கண்ணில் படும். சோதிப்பது எளிது. செட்டிங்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்து வருகிற இடங்களைத் தேடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் பென்டிரைவுக்கு வேறு எழுத்து கொடுத்தும் பார்க்கலாம். பென்டிரைவ் இல்லாமலே பார்க்க, சப்ஸ்ட் என்ற கட்டளை ஒரு சாதாரண ஃபோல்டரையே எக்ஸ் டிரைவ் மாதிரி காட்டும். கையோடு ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தும் ஓட்டிப் பாருங்கள். தமிழுக்கு விண்டோஸில் பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கம் கிடையாது, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு மட்டும்தான். யூனிகோட் தெரியாத பழைய மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாகத் தெரியும், ஃபைலைத் திறக்காது. ஆகவே மென்பொருள் ஃபோல்டருக்கு ஆங்கிலப் பெயர், இடைவெளி இல்லாமல், சுருக்கமாக வைப்பது நல்லது.

தமிழ் வேலைக்கு உயிர்நாடி தட்டச்சுக் கருவி. அதில்தான் போர்ட்டபிள் என்ற சொல்லை அதிகம் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸில் விசைப்பலகை மூன்று விதமாக அமையும். முதலாவது, விண்டோஸின் சொந்த விசைப்பலகைத் தளவமைப்பு. அது ஒரு டி.எல்.எல். ஃபைலாக (மென்பொருள்கள் துணைக்குக் கூப்பிடுகிற நிரல் ஃபைல்) சிஸ்டம் 32 ஃபோல்டருக்குள் போய், ரெஜிஸ்ட்ரியின் லோக்கல் மெஷின் கிளையில் பதிவாக வேண்டும். இரண்டாவது, டெக்ஸ்ட் சர்வீசஸ் முறையில் எழுதப்பட்டது. அதையும் கணினியில் பதிவு செய்தாக வேண்டும். இரண்டுக்கும் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், ஜிப்பில் வந்தாலும் சரி, பென்டிரைவில் வந்தாலும் சரி. மூன்றாவது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகானாக உட்கார்ந்துகொண்டு, நாம் தட்டுகிற விசையை இடைமறித்து யூனிகோட் எழுத்தாக மாற்றி அனுப்புகிற ஹூக் முறை. உண்மையில் தூக்கிக்கொண்டு போகக்கூடியது இந்த மூன்றாவது மட்டும்தான். எது எந்த வகை என்று பார்க்க, ஜிப்பைப் பிரித்ததும் ஐகானின் மூலையில் கேடயம் இருக்கிறதா, ரிஜிஸ்டர் என்ற பெயரில் பேட்ச் (.bat) ஃபைல் ஏதும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் முதல் இரண்டு வகைதான். பெயரை மட்டும் பார்த்தும் விண்டோஸ் சந்தேகப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய 32-பிட் ஃபைலின் பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் என்று வந்தாலே அது அட்மின் கேட்கும். பெயரை மாற்றினால் சில நேரம் அந்தக் கேள்வி போய்விடும்.

ஹூக் முறைக்கும் எல்லை உண்டு. பிரஸ்ஸில் பக்கம் அமைக்கிற மென்பொருளை அட்மினாகத் திறந்து வைத்திருந்தால் நம் தட்டச்சுக் கருவியால் அதற்குள் ஒரு எழுத்தும் போட முடியாது. உரிமை குறைந்த மென்பொருள் உரிமை கூடிய ஜன்னலுக்கு விசை அனுப்புவதை விண்டோஸ் தடுக்கிறது. நோட்பேடில் தமிழ் வருகிறது, இங்கே மட்டும் ஆங்கிலம் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சாதாரணமாகத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, ககரத்தோடு ஓகாரம் சேரும்போது இந்தக் கருவிகள் பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதியதை அனுப்பும். கணினி மெதுவாக இருந்தால் அழிப்பதும் அனுப்புவதும் முன்பின்னாகி எழுத்து சிதறும். கணினி திணறுகிற இடத்தில் நேராகத் தட்டாமல், நோட்பேடில் தட்டி ஒட்டுவதுதான் எனக்குப் பலித்தது. அங்கே பக்கம் அமைக்கப் பழைய பேஜ்மேக்கர் வைத்திருந்தால் ஒட்டினாலும் கேள்விக்குறிதான் வரும், அதற்கு யூனிகோடே தெரியாது. அதற்குப் பாமினி மாதிரி பழைய குறியீட்டுக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோஸ் 11-லும் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் பெரும்பாலும் அட்மின் கேட்காமலே கிடைத்துவிடும். முதலில் அதை முயன்று பார்த்துவிட்டுப் பென்டிரைவைத் தொடுங்கள்.

எழுத்துருவுக்கு வருவோம். பர்மாவில் இருக்கிறவர்களுக்கு இது இரட்டைச் சுமை. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய ஃபைல்கள் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில்தான் கிடக்கின்றன. பாமினியில் உள்ள தமிழ், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடலாம். ஜோஜி அப்படித் தெரியாது. அது பர்மிய யூனிகோட் இடத்திலேயே தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருப்பதால், கொஞ்சம் கலைந்த பர்மிய எழுத்தாகத் தெரியும், அவசரத்தில் கண் தப்பவிட்டுவிடும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து எழுத்துருவை அந்த யூசருக்கு மட்டும் அட்மின் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு முந்தைய கணினிகளில் முடியாது. எழுத்துருவைத் தற்காலிகமாக ஏற்றித் தருகிற போர்ட்டபிள் கருவிகள் உண்டு. கணினி மறுபடி துவங்கியதும் அவை ஏற்றியது போய்விடும். கரண்ட் போய் வந்த பிறகு திறந்தால் பக்கம் முழுக்க வேறு எழுத்துருவில் வரி நகர்ந்து நிற்கும். வந்ததும் முதல் வேலையாக மறுபடி ஏற்றிவிட்டுத்தான் ஃபைலைத் திறக்க வேண்டும்.

பிரஸ்களில் விண்டோஸ் 7 கணினிகள் இன்னும் ஓடுகின்றன. வீட்டில் சோதித்துத் தேறிய கருவி அங்கே திறக்காமல் போகலாம். காரணம் அது சார்ந்திருக்கிற பொருள்கள். வி.சி. ரன்டைம் 140 டி.எல்.எல். இல்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு அந்தக் கணினியில் இல்லை. நம் வீட்டில் வேறு ஏதோ மென்பொருள் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கும், அதனால்தான் இங்கே ஓடியது. ஏ.பி.ஐ. எம்.எஸ். வின் சி.ஆர்.டி. என்று தொடங்குகிற நீளமான பெயர் வந்தால், விண்டோஸ் 10-இல் கூடவே இருக்கிற ஒரு பகுதி விண்டோஸ் 7-இல் தனி அப்டேட்டாக வர வேண்டியது விட்டுப்போயிருக்கிறது. சில மென்பொருள்கள் ஓடத் தேவைப்படுகிற மைக்ரோசாஃப்டின் டாட் நெட் விஷயம் தலைகீழ். விண்டோஸ் 7-இல் 3.5 கூடவே இருக்கும், விண்டோஸ் 10-இல் இருக்காது. 3.5 கேட்கிற பழைய கருவியை அங்கே திறந்தால் இன்டர்நெட்டிலிருந்து இறக்கட்டுமா என்று கேட்கும், அதற்கும் அட்மின் வேண்டும். நம் ஊர் லைனில் அதை நம்பிப் போக முடியாது. டி.எல்.எல்.களைத் தன் ஃபோல்டரிலேயே வைத்துக்கொண்டு வருகிற பதிப்பையும், 32-பிட் பதிப்பையும் தேர்ந்தெடுங்கள். 32-பிட் விண்டோஸ் 7-இல் 64-பிட் ஃபைல் ஓடாது, 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஃபைல் ஓடும்.

ஒரே ஃபைலாக வருகிறவற்றில் சில, ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே டெம்ப் ஃபோல்டரில் பிரித்துப் போட்டு அங்கிருந்து ஓடும். பைதானில் எழுதி ஒரே ஃபைலாகக் கட்டியவை அப்படித்தான், டெம்ப்பில் எம்.இ.ஐ. என்ற பெயரோடு எண்கள் சேர்ந்த ஃபோல்டர் தெரியும். திறக்க நேரமாவதும், ஆன்டிவைரஸ் பாய்வதும் இதனால்தான். ஆன்டிவைரஸ் அழித்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு ஒரிஜினல் ஜிப்பையும் பென்டிரைவில் வைத்திருங்கள். பிரிக்காத ஜிப் இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கடைக் கணினிகளில் சில வைரஸ்கள் பென்டிரைவில் இருக்கிற இ.எக்ஸ்.இ. ஃபைல்களுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இருக்கும்போது சர்ட்யூடில் கட்டளையால் ஃபைலின் கைரேகை மாதிரியான ஷா 256 மதிப்பை எடுத்து எழுதி வைத்துக்கொண்டால், திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் அழித்துவிட்டு ஜிப்பிலிருந்து மறுபடி பிரித்துக்கொள்ளலாம்.

குரோம் வகை பிரவுசரைப் போர்ட்டபிளாக வைத்திருப்பவர்கள் பாஸ்வேர்டுகளை அதில் சேமித்து நம்ப வேண்டாம். புக்மார்க் எல்லாம் கூட வரும். பாஸ்வேர்டோ அந்த விண்டோஸ் யூசர் கணக்கின் சாவியால் பூட்டப்படுவதால் இன்னொரு கணினியில் திறக்காது.

கரண்ட் திடீரென்று போகிற ஊரில் இன்னொரு வகையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிற மென்பொருளை, அதைத் திறந்துவிடுகிற லாஞ்சர் என்ற சின்ன மென்பொருளுக்குள் வைத்து, திறக்கும்போது செட்டிங்ஸைப் பென்டிரைவிலிருந்து ரெஜிஸ்ட்ரிக்கும், மூடும்போது ரெஜிஸ்ட்ரியிலிருந்து பென்டிரைவுக்கும் நகர்த்துகிற ஏற்பாடு ஒன்று உண்டு. 7-ஜிப்பின் போர்ட்டபிள் பதிப்பு இந்த வழியில்தான் இயங்குகிறது. முறையாக மூடினால் எல்லாம் சரியாக வரும். நடுவில் கரண்ட் போனாலோ, அவசரத்தில் பென்டிரைவைப் பிடுங்கினாலோ, அன்றைய மாற்றங்கள் அந்தக் கணினியிலேயே நின்றுவிடும். யூ.பி.எஸ். இல்லாத இடத்தில், வேலை நடக்கும்போதே மென்பொருளை அவ்வப்போது மூடித் திறப்பது இதற்கு உதவும்.

அச்சுக்குக் கொடுக்கிற கடைசிக் கட்டத்தில் இவ்வளவு கருவிகளையும் நம்பாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. சொந்தக் கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கி, அடோபி ரீடரில் புராப்பர்ட்டீஸுக்குப் போய் ஃபான்ட்ஸ் பகுதியைத் திறங்கள். தமிழ் எழுத்துரு, பர்மிய எழுத்துரு இரண்டின் பக்கத்திலும் எம்பெடட் சப்செட் (எழுத்துரு பி.டி.எஃப்.புக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று போட்டிருந்தால் பிரஸ் கணினியில் அந்த எழுத்துருக்கள் இல்லாவிட்டாலும் பக்கம் அப்படியே வரும். ஒன்றில் இல்லாவிட்டாலும் பி.டி.எஃப். ஆக்குகிற செட்டிங்கில் எல்லா எழுத்துருவையும் சேர் என்பதைத் தேர்ந்து மறுபடி எடுத்துவிட்டு, பெயர்ப் பட்டியல் உள்ள பக்கங்களை மட்டும் வேறொரு கணினியில் திறந்து வரிவரியாகப் பார்த்த பிறகு கொடுங்கள்.